மறைத்துக் கொண்டு திரிகிற சின்னப் பிஸ்டல், துடைக்கக் கழட்ட வராவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொலிஸ் ஆயுதக் களஞ்சியத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது கோண்டாவிலில் வீடும் தோட்டமும் என்று இருந்தாலும் துவக்கு என்னை விட்டபாடில்லை. அமெரிக்காவில் இருக்கிற மருமக்களும் அவர்களின் சிநேகிதர்களும், உள்ளங்கைக்குள் அடங்குகிற பிஸ்டலை மேசையில் வைத்துக்கொண்டு வட்சப்பில் கூப்பிடுவார்கள். அங்கே சனிக்கிழமை காலை, இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒன்றுதான்: "மாமா, இது கழருதில்லை." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப் போனதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு இதை ஏன் எழுத வேணும்? இங்க ஆரிட்டப் பிஸ்டல் இருக்கு?

இங்கே மிகச் சிலரிடம்தான். இலங்கையில் துவக்குக்கான சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரத்தை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். தற்பாதுகாப்புக்கென்று கொடுத்த ஆயுதங்களையும் 2024 கடைசியில் பாதுகாப்பு அமைச்சு மீளாய்வுக்காகத் திருப்பிக் கேட்டது.

வெளிநாட்டிலும் எல்லா இடத்திலிருந்தும் இந்தக் கேள்வி வராது. இங்கிலாந்தில் 1997ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தங்களோடு கைத்துப்பாக்கி சாதாரண ஆட்களின் கையை விட்டுப் போய்விட்டது. கனடாவில் 2022 ஒக்டோபர் 21 முதல் தனியாட்கள் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் நிறுத்தப்பட்டது. ஆகவே ஸ்காபரோவில் இருந்து எனக்கு ஒரு அழைப்பும் வருவதில்லை. வருவதெல்லாம் ரெக்சாஸ் மாதிரி இடங்களில் இருந்துதான். அங்கே 2021 செப்டெம்பர் முதல், சட்டத்தடை இல்லாத வயது வந்தவர்கள் தனி அனுமதிப்பத்திரம் எடுக்காமலே கைத்துப்பாக்கி கொண்டு திரியலாம்.

ஒரு விசயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மாணவ விசாவிலும் சுற்றுலா விசாவிலும் நிற்கிறவர்கள் துவக்கு வைத்திருப்பதை அந்நாட்டு மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை அனுமதிப்பத்திரம் போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் ஒன்றிலும் கை வைக்கவில்லை. மருமகன் கழட்ட, நான் கதிரையில் இருந்து வாயால் மட்டும் வேலை செய்தேன்.

கழட்ட முன்னம் செய்ய வேண்டியது என்ன?

வெறுமையாக்குவது. இதில் ஒழுங்கு மாறக் கூடாது. முதலில் ரவைகளை அடுக்கி வைத்திருக்கிற மகசீனைப் பிடிக்குள்ளிருந்து வெளியே எடுங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் ஓடுகிற பாகத்தை, பின்னால் இழுத்து, குழலின் பின்முனை அறைக்குள் இருக்கிற ரவையை வெளியேற்ற வேண்டும். மாறிச் செய்தால், அதாவது மகசீன் உள்ளே இருக்க ஸ்லைடை இழுத்தால், ஒரு ரவை வெளியே விழும், அடுத்த ரவை அதே கையோடு அறைக்குள் ஏறிக்கொள்ளும். விழுந்த ரவையைக் கண்ட மனம் "சரி, வெறுமை" என்று நம்பிவிடும். துடைக்கும்போது வெடித்தது என்று கேள்விப்படுகிற கதைகளில் பாதிக்குள்ளே இந்த ஒழுங்குப் பிழைதான் இருக்கும்.

ஸ்லைடைப் பின்னால் பூட்டி வைத்து அறையைக் கண்ணால் பாருங்கள், பிறகு சின்ன விரலை விட்டுத் தடவியும் பாருங்கள். ரவைகளையும் மகசீனையும் வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். அதே மேசையின் லாச்சிக்குள் வைப்பது கணக்கில் இல்லை. குழலின் வாய் எப்போதும் ஆள் இல்லாத பக்கம், சீமெந்துச் சுவர்ப் பக்கம் பார்க்கட்டும். அங்கத்தைய வீடுகளில் பலகைச் சுவர், அது ரவையைத் தாங்காது. புத்தக அலுமாரி நிறைந்த பக்கம் இருந்தால் அந்தப் பக்கம்.

பெரிய பிஸ்டல் லேசாக வருது. சின்னது ஏன் இவ்வளவு இறுக்கம்?

உள்ளே வெடிக்கிற ரவை ஒன்றுதான். பெரிய க்ளொக் 17இலும் சின்ன க்ளொக் 43இலும் போவது அதே 9 மில்லிமீற்றர் ரவை. ஆனால் முதலாவதன் குழல் 114 மில்லிமீற்றர், இரண்டாவதன் குழல் 87 மில்லிமீற்றர் அளவு. ஸ்லைடும் அதற்கேற்றபடி கட்டையாகவும் பாரம் குறைந்ததாகவும் இருக்கிறது. பாரம் குறைந்தால் பின்னால் வருகிற வேகம் கூடும், நிறுத்துவதற்கு இருக்கிற தூரமோ குறைவு. நீள முற்றத்தில் ஓடி வருகிற மாட்டை மெல்ல மெல்லப் பிடிக்கலாம், ஒழுங்கை மூலையில் என்றால் ஒரே பிடியில் பிடிக்க வேண்டும். அந்த ஒரே பிடிக்காகத்தான் ஸ்பிரிங்கைக் கடுமையாக்கி, அனேகமாக ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே இறுக்கம் பழுது இல்லை. சின்னப் பிஸ்டலில் பாகங்கள் ஒன்றையொன்று விடுகிற இடமும் மிகக் குறுகியது, சில மில்லிமீற்றருக்குள் அடங்கிவிடும். அந்த இடத்தில் நிறுத்தினால் கையோடு வரும். அதைத் தாண்டினாலும் வராது, குறைந்தாலும் வராது. பலம் போட வேண்டி வந்தால் ஏதோ ஒரு படியை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். சுத்தியலைத் தேடாமல் கையேட்டைத் தேடுங்கள்.

ஸ்லைடை இழுக்கவே கை காணாது. அம்மா ஆக்களுக்கு என்ன வழி?

இழுக்காதீர்கள், தள்ளுங்கள். இடக்கையால் ஸ்லைடின் மேல் பக்கத்தைப் பின் முனையில் இறுக்கிப் பிடித்து அசையாமல் வைத்துக்கொண்டு, வலக்கையால் பிடியை முன்னால் தள்ள வேண்டும். விரல் விசைக்கு வெளியே. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளி இழுப்பதைவிட இதில் முழுத் தோளும் வேலை செய்யும். முழங்கை உடம்போடு ஒட்டி இருந்தால் இன்னும் லேசு. பக்கவாட்டில் திரும்பி நின்று செய்கிறபோது குழல் பக்கத்தில் இருக்கிறவரை நோக்கித் திரும்பிவிடும், அதைக் கவனியுங்கள். ஸ்பிரிங்கை வெட்டிக் கட்டையாக்குவதற்கு யாராவது யோசனை சொன்னால் காதில் போட வேண்டாம்.

க்ளொக் 43: சொன்னபடி எல்லாம் செய்தன், ஸ்லைட் முன்னுக்கு வருதில்லை.

எனக்கு வருகிற அழைப்புகளில் அதிகம் இதுதான். ஒழுங்கு இப்படி: வெறுமை என்று உறுதியான பிறகு ஸ்லைடை முன்னால் விட்டு, பாதுகாப்பான திசையில் வைத்து விசையை ஒருதரம் அழுத்த வேண்டும். "டிக்" என்ற சத்தம் கேட்கும், விசை பின்னாலேயே நிற்கும். அதன்பின் நான்கு விரல்களையும் ஸ்லைடின் மேலால் போட்டு, பெருவிரலைப் பிடியின் பின்பக்கம் கொடுத்து, ஸ்லைடை ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் மட்டும் பின்னால் கொண்டு வாருங்கள். மற்றக் கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் விசைக்கு மேலே இரு பக்கமும் இருக்கிற சின்னக் காதுகளைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்லைடை முன்னால் தள்ளினால் கழரும்.

வராததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, 3 மில்லிமீற்றர் என்பதை மறந்து கூடப் பின்னால் இழுப்பது. அப்படி இழுத்தால் விசை மறுபடி முன்னால் வந்துவிடும், உள்ளே பழையபடி பூட்டிக்கொள்ளும். விசையைப் பாருங்கள். முன்னால் வந்து நின்றால் முதலில் இருந்து தொடங்க வேண்டும், அறையைப் பார்ப்பதையும் சேர்த்து. இரண்டாவது, ஒரு பக்கக் காதை மட்டும் கீழே இழுப்பது. இரண்டும் சமமாகக் கீழே போக வேண்டும். வியர்த்த கையில் அவை வழுக்கும், விரலைத் துடைத்துவிட்டுப் பிடியுங்கள்.

கழட்டுறதுக்கு விசையை அழுத்திறது எனக்குப் பயம். அது தேவையில்லாத பிஸ்டல் இல்லையோ?

பயம் நல்லது. 2018இல் வந்த சிக் சவர் பி365க்கு அது தேவையில்லை. மகசீனை எடுத்து, ஸ்லைடைப் பின்னால் பூட்டி, இடப்பக்கத்தில் இருக்கிற நெம்பை, அதாவது சின்னத் திருப்புபிடியைத் திருப்பினால், ஸ்லைடை மெல்ல விட்டு முன்னால் எடுத்துவிடலாம். 2012இல் வந்த ஸ்மித் அன்ட் வெசன் ஷீல்டில், ஸ்லைடைப் பூட்டி நெம்பைத் திருப்பிய பிறகு, வெடித்த ரவையின் கோது வெளியேறுகிற வாசலால் உள்ளே பார்த்தால் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னத் தகடு தெரியும். மொட்டையான ஏதாவதொன்றால் அதைக் கீழே தட்டிவிட்டால் விசையை அழுத்தாமலே கழட்டலாம். பலருக்கு இந்தத் தகடு இருப்பதே தெரியாது. இரண்டிலும் நெம்பு பாதியில் நின்றால், ஸ்லைட் முழுதாகப் பின்னால் பூட்டுப்படவில்லை என்றுதான் பொருள்.

ரூகர் எல்சிபி: பின்னைக் கழட்டேக்க சுரண்டுப்பட்டுப் போச்சு. திருப்பிப் போடேக்க போகுதுமில்லை.

2008இல் வந்த இந்தப் பிஸ்டல் வெறுமையாக 266 கிராம்தான் பாரம், காற்சட்டைப் பொக்கற்றுக்குள் இருப்பதே தெரியாது. அந்தச் சிறுமைக்காக நெம்பு வைக்கவில்லை. இடப்பக்கத்தில் தலை தெரிகிற ஒரு பின்தான், ஆணி மாதிரி ஒரு துண்டுதான், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. ஸ்லைட் முழுதாக முன்னால் இருக்கும்போது குழல் அந்தப் பின்னை நெரித்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் நெம்பினால் உடம்பு முழுக்கச் சுரண்டல்தான். ஸ்லைடை ஒரு மில்லிமீற்றர், ஒன்றரை மில்லிமீற்றர் பின்னால் கொண்டுவந்து பிடித்தால் பாரம் விட்டுவிடும். அப்போது பின்னின் தலைக்குக் கீழே சின்னத் தட்டை ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தால் நகத்தால் எடுப்பதுபோல் வரும். டிரைவரின் முனைக்கு ஒரு சுற்று ரேப் ஒட்டுங்கள், கறுப்புப் பூச்சு தப்பும்.

இதற்கு மூன்று கை வேண்டும் என்று மருமகன் புறுபுறுப்பான். ஓரளவுக்கு உண்மை. பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, ஒருவர் ஸ்லைடைப் பிடிக்க மற்றவர் பின்னை எடுத்தால் பிரச்சினை இல்லை.

திருப்பிப் போடுவது இதைவிடச் சிக்கல். குழலின் அடிக்கட்டையில் இருக்கிற வெட்டுக்குள்ளால் பின் போக வேண்டும். வெட்டு நேருக்கு வந்ததா என்று பின்னைப் போட முதலே துளையால் வெளிச்சத்தைப் பிடித்துப் பாருங்கள். குழலின் வாயை மேலும் கீழும் கொஞ்சம் அசைத்தால் வழி கிடைக்கும். அந்தப் பின் உள்ளே போனதும் உடலில் இருக்கிற மெல்லிய கம்பி ஸ்பிரிங் அதன் பள்ளத்தில் கவ்வி, தலை உடலோடு சமமாக அமரும். தலை மேலெழுந்து நின்றால் கவ்வவில்லை. அந்தப் பின் ஒரு நாள் பொக்கற்றுக்குள் கழன்று விழும், பிறகு அது பிஸ்டல் இல்லை, இரும்புத் துண்டு.

ஸ்பிரிங் பறந்து போட்டுது. எங்க தேடுறது?

அலுமாரிக்குக் கீழே. இல்லையென்றால் எதிர்ச் சுவரில் இருந்து ஒரு முழத்துக்குள். இனிமேல் உள்ளே தெரிகிற பெரிய பொலித்தீன் பை ஒன்றுக்குள் இரு கையையும் விட்டு, அதற்குள்ளேயே கழட்டுங்கள். பறப்பது பைக்குள் விழும். மேசையில் பழைய துவாயை விரியுங்கள், உருளாது. கண்ணாடி போடாதவர்களும் அன்றைக்கு ஒரு கண்ணாடி போட வேண்டும். எல்சிபி மாதிரிப் பிஸ்டல்களில் ஸ்பிரிங் இரண்டும் தடியில் சும்மா கோர்த்திருக்கும், நெருக்கிப் பிடித்ததை விட்டால் நேரே முகத்துக்குத்தான் வரும்.

எல்லாத்தையும் துடைச்சுப்போட்டு திருப்பிப் பூட்டேக்க ஸ்லைட் பாதியில இறுகிட்டுது.

மேற்கொண்டு தள்ள வேண்டாம், பின்னாலும் அடிக்க வேண்டாம். க்ளொக் என்றால் முதலில் ஸ்பிரிங் தடியைப் பாருங்கள். அதன் பின்முனை வட்டத் தகடு, குழலின் அடியில் இருக்கிற அரைவட்ட வெட்டுக்குள் நடுவாக அமர்ந்திருக்க வேண்டும். ஒரு நூல் கீழே வழுக்கி இருந்தாலும் ஸ்லைட் உடலில் முட்டும்.

சிக் சவர் பி238உம், அதற்கு மூலமான கோல்ட் மஸ்ராங்கும் வேறு விதமாகச் சண்டை பிடிக்கும். கோதை வெளியே தள்ளுகிற தகடு இவற்றில் மேலெழுந்து நிற்கும், பின்னால் வருகிற ஸ்லைட் நேரே அதில் போய் முட்டும். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் அந்தத் தகட்டைக் கீழே அமத்திப் பிடித்துக்கொண்டு ஸ்லைடை மேலால் கொண்டு போக வேண்டும். தெரியாமல் பலம் போட்டால் தகடு வளையும். தகடு வளைந்த பிஸ்டல் கோதைத் துப்பாது.

கழட்டும் ஒவ்வொரு படியிலும் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் இந்த அழைப்புகளில் முக்கால்வாசி எனக்கு வராது.

தாத்தா காலத்து வால்தர் பிபிகே ஒண்டு கிடைச்சுது. அதில நெம்புமில்லை, பின்னுமில்லை.

1931இல் வந்த வடிவம். விசையைச் சுற்றி இருக்கிற வளையம்தான் அதன் பூட்டு. வளையத்தின் முன்பக்கத்தைக் கீழே இழுத்து, சற்றுப் பக்கவாட்டில் தள்ளி உடலில் முட்டுக்கொடுத்தால் அப்படியே நிற்கும். ஸ்லைடை முழுதாகப் பின்னால் இழுத்து, பின்முனையை மேலே தூக்கி, முன்னால் விட வேண்டும். ஸ்பிரிங் குழலையே சுற்றி இருக்கிறது. அதன் இரு முனையும் ஒரே மாதிரி இல்லை, எந்த முனை உள்ளே இருந்தது என்பதைக் கழட்டுகிற கையோடு குறித்து வையுங்கள். வளையம் முட்டில் இருந்து நழுவினால் விரலைக் கடிக்கும்.

எவ்வளவு தூரத்துக்குக் கழட்டலாம்?

ஸ்லைட், குழல், ஸ்பிரிங்கும் தடியும், உடல். அவ்வளவுதான். யூரியூப்பில் ஒருவர் விசைத் தொகுதியையும் ரவையை அடிக்கிற ஊசியையும் கழட்டிப் பரப்பி வைப்பதைக் கண்டு கை துறுதுறுக்கும். அதற்குள் இருக்கிற சில ஸ்பிரிங்குகள் அரிசியைவிடக் கொஞ்சம்தான் பெரிது, இடம் மாறினால் பிஸ்டல் விழும்போதே வெடிக்கிற நிலை வரலாம். உள்வேலை துவக்குத் தச்சனுக்கு.

என்ன எண்ணெய் போடுறது? தேங்காயெண்ணெய் சரிவராதோ?

இந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்தான் மட்டும்தான் கேட்பான். தேங்காயெண்ணெய் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். இங்கே பங்குனி வெயிலில் பிரச்சினை தெரியாது, நியூயோர்க் மார்கழியில் பிஸ்டலுக்குள் மெழுகுதான் இருக்கும். நாள் போகக் காறி ஒட்டவும் தொடங்கும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், ஆனால் இருந்த எண்ணெயையும் சேர்த்துக் கொண்டுபோய் இரும்பை வெறுமையாக விட்டுவிடும், கறள் பிடிக்கும். டபிள்யூடி 40 ஈரத்தை விரட்ட நல்லது, நின்று பிடிக்கிற எண்ணெய் இல்லை, ரவைகளில் படவும் கூடாது. துவக்கு எண்ணெய் கைவசம் இல்லாத வேளை தையல் மெசின் எண்ணெய் மோசமில்லை.

எதைப் போட்டாலும் துளிக்கணக்கில். ஸ்லைட் ஓடுகிற தண்டவாளங்களில் ஒவ்வொரு துளி, குழலின் வெளிப்பக்கத்தில் விரலால் ஒரு பூச்சு. ஊசி ஓடுகிற பாதை காய்ந்திருக்கட்டும். குழலைத் துடைக்கும்போது தடியை அறைப் பக்கத்தால் விட்டு வாய்ப்பக்கத்தால் எடுங்கள். பழைய சாரத் துணி இதற்கு நல்ல சாமான், நூல் விடாது.

வேலை முடிந்து கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ரவைப் புகைக் கரியில் ஈயம் இருக்கும். சாப்பாட்டு மேசையில் இந்த வேலை வேண்டாம் என்பதற்கும் காரணம் அதுதான்.

சுடவே இல்லை, சும்மா இடுப்பில கிடக்குது. அதையும் துடைக்க வேணுமோ?

அதைத்தான் முதலில் துடைக்க வேண்டும். பொக்கற்றுக்குள் கிடக்கிற பிஸ்டலின் எதிரி சட்டைப் பஞ்சு. எண்ணெயோடு சேர்ந்து அது களியாகி, கோது வாசலிலும் மகசீன் வாயிலும் அடைந்து கிடக்கும். ஒருமுறை கமராவுக்குக் கிட்டப் பிடித்துக் காட்டினார்கள்: சாம்பல் நிறத்தில், திரி மாதிரி உருண்டு, ஒரு சில்லறைக் காசும் மகசீன் அடியில் சிக்கியிருந்தது. வியர்வை உப்பு வேறு. தோல் உறை ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், இரவில் உறையை விட்டு வெளியே எடுத்துத்தான் பூட்டி வைக்க வேண்டும். கடற்காற்று வீசுகிற எங்கள் பக்கத்தில், ஐப்பசி கார்த்திகை மழைக்குள், உறைக்குள் விட்ட இரும்பு கறளோடுதான் வெளியே வரும்.

பூட்டி முடிஞ்சுது. சரியாப் பூட்டினதெண்டு எப்பிடித் தெரியும்?

மகசீனும் ரவையும் இன்னும் மற்ற அறையில்தான். ஸ்லைடைச் சில தடவை முழுதாக இழுத்து விடுங்கள், ஒவ்வொரு முறையும் தானாகவே முன்னால் போய் அமர வேண்டும். பாதுகாப்பான திசையில் விசையை அழுத்தி "டிக்" கேளுங்கள். அழுத்தியபடியே ஸ்லைடை இழுத்து விட்டு, பிறகு விசையை மெல்ல விட்டால் அது மீண்டும் பிடிப்பது விரலுக்குத் தெரியும். வெறும் மகசீனைப் போட்டு இழுத்தால் பல பிஸ்டல்களில் ஸ்லைட் பின்னால் பூட்டி நிற்கும். முதல் எல்சிபியில் நிற்காது, அதைப் பழுது என்று எண்ணி மறுபடி கழட்ட வேண்டாம்.

ஊரில கிணறு இறைக்கேக்க பழைய பிஸ்டல் ஒண்டு வந்தது. துடைச்சுப் பாக்கலாமோ?

தொடவே வேண்டாம். வருடக்கணக்காகச் சேற்றில் கிடந்ததன் அறைக்குள் ரவை இருக்கலாம், பக்கத்தில் அதைவிட மோசமானதும் இருக்கலாம். வடக்கில் கண்ணிவெடி அகற்றுகிற வேலை ஓய்ந்தபாடில்லை. இடத்தை அடையாளப்படுத்திவிட்டு 119க்கு அழையுங்கள், கிராம அலுவலரிடமும் சொல்லுங்கள். துடைத்து வீட்டில் வைத்தால் நீங்கள் அனுமதியில்லாத ஆயுதம் வைத்திருப்பவர்.

கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வரேக்க, கழட்டித் துண்டு துண்டாக் கொண்டுவந்து உங்களிட்டக் காட்டலாமோ?

முடியாது. துவக்கின் பாகமும் துவக்குத்தான், பாதுகாப்பு அமைச்சின் முன்அனுமதி இல்லாமல் கொண்டுவரக் கூடாது. வர முதல் பயணப் பையை ஒருக்கால் கவிழ்த்து உதறுங்கள். சுடும் இடத்துக்குக் கொண்டுபோன பையின் அடித் தையலுக்குள் ஒரு ரவை கிடந்தால் விமான நிலையத்தில் ஊடுகதிர் மெசின் கண்டுபிடிக்கும், நல்லூர்த் தேருக்கு முன்னம் நீங்கள் ஊர் வந்து சேர மாட்டீர்கள். பிஸ்டலை அங்கேயே பூட்டி வைத்துவிட்டு வாருங்கள். கையேட்டை மட்டும் போனில் கொண்டு வந்தால் முற்றத்தில் இருந்து பார்க்கலாம்.